மூன்று மாடி தாண்டி வந்த லைன்

சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு வாய் இருக்கிறது, டீச்சருக்குக் காது இருக்கிறது, நடுவில் லைன் ஒழுங்காக இருந்தால் போதும். மலர்க்கொடிக்கு அந்த நடுவில் கிடக்கிற சனியன்தான் தொல்லை.

தமிழில் எம்.ஏ., பி.எட். முடித்தவள். தனியார் பள்ளிகளில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்துவிட்டு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள தன் வீட்டு மாடி அறையிலேயே கம்ப்யூட்டர் வழியாக டியூஷன் எடுக்க ஆரம்பித்திருந்தாள். கூட மாலதி, ஆரோக்கிய அனிதா என்று இரண்டு டீச்சர்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஹெட்போன், கரண்டு போனால் தாங்குவதற்கு ஒரு இன்வெர்ட்டர், அவ்வளவுதான் சொத்து. சிங்கப்பூரில் தமிழ் ஒரு பரீட்சைப் பாடம். ஒரு படத்தைக் காட்டிப் பேசச் சொல்லி மார்க் போடுவார்கள். அதனால் பிள்ளை பேசுவது இங்கே தெளிவாகக் கேட்க வேண்டும். டீச்சரின் நாக்கு எங்கே மடங்குகிறது, உதடு எப்படிக் குவிகிறது என்பது அங்கே தெரிய வேண்டும்.

முதலில் வைத்திருந்தது எல்லோரையும் போல வீட்டு லைன். மத்தியானம் வரைக்கும் அது நன்றாகத்தான் ஓடும். தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்ததும் ஆரம்பிக்கும் வினை. ஒருத்தன் படம் இறக்குவான், ஒருத்தன் கேம் ஆடுவான். மலர்க்கொடி "சொல்லும்மா" என்றால் அங்கே "சொ... மா" என்று போகும். சிங்கப்பூரில் அப்போது மாலை ஏழு, ஏழரை. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பாடத்துக்கு உட்காருகிற நேரமே அதுதான். நேரத்தை மாற்றவும் வழியில்லை.

அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் தெருவின் கேபிள்காரன் அன்பரசு சொன்னதைக் கேட்டுத் தனி லைன் வாங்கினாள். அன்பரசு வீட்டுக்கு வீடு டிவி கேபிள் கொடுத்து வளர்ந்தவன். இப்போது கடலூரில் இருக்கும் ஒரு இன்டர்நெட் கம்பெனிக்குச் சிதம்பரத்தில் ஏஜென்ட். "அக்கா, இது ஃபைபர். கண்ணாடி இழை. உங்களுக்குன்னே தனியா வருது. வேற ஒருத்தன் கை வைக்க முடியாது" என்றான். வீட்டு லைனைவிடப் பல மடங்கு வாடகை. மலர்க்கொடியின் கணவர் திட்டக்குடியில் கூட்டுறவு சங்க வேலையில் இருந்தார், சனிக்கிழமை வருவார். "அங்கயே ஒரு ஸ்கூல்ல தமிழ் டீச்சர் கேக்குறாங்க. எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு வந்துரேன்" என்று வாராவாரம் ஒரு தடவை சொல்வார். அவள் காதில் வாங்காமல் கையெழுத்துப் போட்டு லைனை இழுத்தாள்.

தனி லைன் வந்தது. இரண்டு வாரம் தங்கமாக ஓடியது. அப்புறம் பார்த்தால் பழையபடி "சொ... மா".

அந்த நேரம் பார்த்துத்தான் நாச்சம்மை வந்தார். சிங்கப்பூரில் பெரிய டியூஷன் சென்டர் நடத்துகிறவர். தன் சென்டர் பிள்ளைகள் அத்தனை பேரின் பேச்சுப் பயிற்சியையும் மலர்க்கொடியிடம் கொடுக்கத் தயாராக இருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரம் மாலை ஐந்து மணிக்கு, பெற்றோர் எல்லோரும் பார்க்க ஒரு மாதிரி வகுப்பு. "பாடம் நீங்க நல்லா எடுப்பீங்கன்னு தெரியும் டீச்சர். ஆனா நடுவுல அறுந்துச்சுன்னா, பெற்றோர் எழுந்து போயிடுவாங்க. அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். குரலில் கோபம் இல்லை.

இருக்கிற பிள்ளைகளிலேயே பாதிப் பேர், லைன் சரியில்லை என்று ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். இந்த சென்டர் கைவிட்டுப் போனால் மாடியைப் பூட்டிவிட்டுத் திட்டக்குடி பஸ் ஏற வேண்டியதுதான். மாலதியும் அனிதாவும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக மலர்க்கொடி கடலூருக்குப் பஸ் ஏறினாள். மஞ்சக்குப்பத்தில் அந்தக் கம்பெனி ஆபீஸ். அங்கே இன்ஜினியர் ஆரோக்கிய ஜெகன் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டும் முகம் மாறாமல், கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அவள் லைன் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் பச்சைக் கோடு ஒன்று மத்தியானம் வரை தரையோடு கிடந்து, மாலையானதும் உச்சிக்கு ஏறி அங்கேயே நின்றது.

"மேடம், நாங்க குடுக்குறதுல ஒரு குறையும் இல்ல. நீங்க வாங்கினது மொத்தமும் உங்க வீட்டுப் பக்கம் வந்து சேருது. வந்தது மொத்தமும் செலவாவுது."

"மூணு கம்ப்யூட்டர்ல பேசுறதுக்கா இவ்ளோ செலவாவும்?"

"ஆவாது. அதான் எனக்கும் புரியல. வீட்டு லைன்னா அது ஷேர் ஆட்டோ மாதிரி. ஏத்துற வரைக்கும் ஏத்துவோம், நெருக்கிக்கிட்டுதான் போவணும். தனி லைன்னா நீங்க மட்டும் ஆட்டோ பேசிக்கிட்டுப் போற மாதிரி. இங்க பாத்தா, தனி ஆட்டோவுக்கு வாடகையும் குடுத்துட்டு, வழியில யாரயோ ஏத்திக்கிட்டுப் போறீங்க. யாருன்னு அங்க போய்ப் பாருங்க."

வழியில் ஏற்றிக்கொண்டது யார்? பஸ் சிதம்பரம் வந்து சேருகிற வரைக்கும் அவளுக்கு இதே யோசனை. வீட்டுக்கு வந்தவள் புடவையைக்கூட மாற்றவில்லை. நேரே மொட்டை மாடிக்கு ஏறினாள்.

அவள் அறைக்குள் நுழைகிற கறுப்பு ஒயர் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய், பக்கத்து வீட்டு மாடிக்குத் தாவியது. அது ஞானாம்பாள் வீடு. அங்கே ஒயரோடு கூட இன்னொரு ஒயர் ஒட்டிக்கொண்டு வந்து, ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியது. அதற்கு அடுத்தது லோகநாயகி வீடு. துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில் அங்கேயும் ஒன்று பிரிந்து கீழே போனது. கடைசியில், ரிட்டயர்டு கண்டக்டர் ராமாமிர்தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் டப்பா. மெயின் ரோட்டிலிருந்து வருகிற ஃபைபர் அந்த டப்பாவோடு முடிந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் கிளம்ப வேண்டிய இடத்தில் நான்கு கிளம்பின. நாலாவது, ராமாமிர்தத்தின் வீட்டுக்குள்ளேயே போனது.

அட பாவி! மலர்க்கொடி அங்கேயே நின்று அன்பரசுவுக்கு போன் போட்டாள். அவன் டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து சேர்ந்தான், திருட்டு முழி எதுவும் இல்லாமல்.

"தனி லைன்னு சொல்லி என்கிட்ட வாங்கிக்கிட்டு, மூணு வீட்டுக்குப் பிரிச்சு வுட்டிருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்குதா?"

"அக்கா, சத்தம் போடாதீங்க. ரோட்டைத் தோண்ட நகராட்சியில பர்மிஷன் கெடைக்கல. கரண்டு போஸ்ட்ல கட்டுனா ஈபி ஆளுங்க அறுத்துப் போட்டுடுறாங்க. அப்புறம் எப்புடிக் கொண்டாறது? மாடி மேலதான். மாடி குடுக்குற வீட்டுக்கு ஒரு கனெக்ஷன் பாயிண்ட் ஓசியில குடுக்குறது எங்க தொழில்ல வழக்கம்."

"அது டிவிக்கு. இது டிவி இல்லடா. டிவிய நாலு பேரு பாத்தா கொறையாது, இது கொறையும்."

"கொறையும்னு எனக்கு இன்னா தெரியும்? மாடி குடுத்தவங்களுக்குப் பாயிண்ட் குடுக்கணும், ரெண்டு வாரம் கழிச்சு வந்து குடுத்தேன்." அவன் தலையைச் சொறிந்தான். "நீங்களே சொல்லுங்க. உங்க மாடியில என் டிவி ஆம்ப்ளிஃபயர் எத்தினி வருஷமா இருக்குது? நீங்க கேபிளுக்கு என்னிக்காவது பணம் குடுத்திருக்கீங்களா?"

மலர்க்கொடி கொடுத்ததில்லை. தெருவே மாதாமாதம் கட்டியபோது அவள் வீட்டில் ஓசியில்தான் டிவி ஓடியது. அதைச் சலுகை என்றுகூட அவள் நினைத்ததில்லை. மாடியை விட்டிருக்கிறோம், அது நமக்கு வர வேண்டியது என்றுதான் நினைத்திருந்தாள். தான் செய்தால் நியாயம், மற்றவர்கள் செய்தால் திருட்டா? அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் சிரிக்கிற நேரம் அது இல்லை.

"சரி, போனது போவட்டும். அந்த மூணையும் இப்பவே புடுங்கு."

"புடுங்கிடலாம். ஆனா நீங்களே ராமாமிர்தம் மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருங்க."

கேட்டாள். ராமாமிர்தம் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் பழைய படத்துப் பாட்டு ஒன்று பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டை நிறுத்தாமலே பதில் சொன்னார். "தாராளமா புடுங்கிக்கம்மா. அப்புடியே தொட்டிக்கு அடியில இருக்குற டப்பாவயும் எடுத்துக்கிட்டுப் போயிரு. எனக்கும் தொட்டி கழுவ எடம் கெடைக்கும்."

டப்பா போனால் லைனே போயிற்று. வேறு வழியில் இழுக்க ஒரு மாதமாவது ஆகும் என்றான் அன்பரசு. ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் மூன்றே நாள். இனிமேல் சண்டைக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை, கெஞ்சத்தான் வேண்டும். மலர்க்கொடிக்குக் கெஞ்சுவது கைவராத காரியம். பள்ளிக்கூடத் தாளாளரிடம் கெஞ்சத் தெரியாமல்தான் வேலையை விட்டவள் அவள். இருந்தாலும் முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

"மாமா, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும் மட்டும் ஆஃப் பண்ணி வைங்க. என் பொழப்பே அதுலதான் இருக்குது" என்றாள்.

"இத மொதல்லயே இப்புடிக் கேட்டிருந்தா நான் தொட்டிக் கதையெல்லாம் பேசியிருப்பனா? போம்மா, வச்சிடுறேன்" என்றார் ராமாமிர்தம்.

லோகநாயகி வீட்டில் அவள் மகன் கேம் ஆடுகிறவன். "ஒரு மணி நேரம் என்ன, ஒரு வாரத்துக்குப் புடுங்கி வச்சா எனக்குப் புண்ணியமா போவும்" என்று லோகநாயகி கையெடுத்துக் கும்பிட்டாள்.

கடைசியாக ஞானாம்பாள் வீடு. ஞானாம்பாளின் மகன் எழிலன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். மருமகள் ஜெயராணி கைக்குழந்தையோடு இங்கே மாமியாரோடு இருந்தாள். மலர்க்கொடி விஷயத்தைச் சொன்னதும் ஞானாம்பாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயராணி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "ஞாயித்துக்கிழமையா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்மா. அஞ்சு மணிக்கு. ஒரே ஒரு மணி நேரம்."

"சரி டீச்சர், ஆஃப் பண்ணிடுறோம்" என்றாள் ஞானாம்பாள். "உங்கள நம்பி ரெண்டு பொண்ணுங்க வேற வந்து போவுதுங்க. நல்லபடியா நடக்கட்டும்."

மலர்க்கொடிக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தப் பார்வையைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. காரியம் முடிந்ததும் அவள் கால் தானாக வீட்டுக்கு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே மாலதியும் அனிதாவும் வந்துவிட்டார்கள். அனிதா மாதா கோயில் மெழுகுவத்தி ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தாள். மாலதி, கரண்டு போய்விடக் கூடாதே என்று நடராஜருக்கு ஒரு அர்ச்சனை வேண்டிக்கொண்டாள். இரண்டு தெய்வத்தையும் நம்பாமல் மலர்க்கொடி இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஐந்து மணிக்குத் திரை விரிந்தது. நீள மேசை, பின்னால் வரிசையாகப் பெற்றோர், முன்னால் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்பிள்ளை. கையில் மீன் சந்தைப் படம். மலர்க்கொடி பேச ஆரம்பித்தாள். முதல் ஐந்து நிமிஷம் அவள் கவனம் பாடத்திலேயே இல்லை. இப்போது அறுமோ, இப்போது அறுமோ என்று மடியில் இருந்த கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. அறவில்லை. பிள்ளை மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"இந்த மீன்காரம்மா என்ன சொல்லிக் கூப்பிடுறாங்க, நீ கூப்பிட்டுக் காட்டு பாப்போம்" என்றாள்.

அந்தப் பிள்ளை வெட்கப்பட்டு, நெளிந்து, பிறகு வாயைத் திறந்து, "வாங்கம்மா, வாங்க! இப்பத்தான் வந்த மீனு!" என்று கூவியதும் பின்னால் இருந்த பெற்றோர் கைதட்டிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மலர்க்கொடிக்கு லைன் ஞாபகமே வரவில்லை. வகுப்பு முடிந்ததும் நாச்சம்மை திரைக்கு முன்னால் வந்தார். "பக்கத்து அறையில இருந்து பேசுற மாதிரி இருந்துச்சு டீச்சர். அடுத்த மாசத்துல இருந்து ஆரம்பிச்சிடலாம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதே ஞாயிற்றுக்கிழமை ஏழரை, அதாவது உங்களுக்கு அஞ்சு மணி. வாரா வாரம் வச்சுக்குவோம்."

மாலதி அனிதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். மலர்க்கொடிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. அனிதாவை அனுப்பி ஸ்வீட் வாங்கிவரச் சொல்லி, மாடி கொடுத்த மூன்று வீட்டுக்கும் தானே எடுத்துக்கொண்டு போனாள். ராமாமிர்தம், இனி பாட நேரத்தில் அணைத்துவிடுகிறேன் என்று சொல்லி இரண்டாக எடுத்துக்கொண்டார். லோகநாயகி மகனுக்கு இல்லை என்று ஒளித்து வைத்தாள்.

ஞானாம்பாள் வீட்டில் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் பாயை விரித்து, அதில் குழந்தையை உட்கார வைத்திருந்தார்கள். புது கவுன், கன்னத்தில் பவுடர், திருஷ்டிப் பொட்டு, கையில் கறுப்பு வளையல். உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கி, தலையணையில் சாய்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது.

"இன்னாம்மா விசேஷம்? பாப்பாவுக்குப் பொறந்த நாளா?" என்று கேட்டாள் மலர்க்கொடி.

ஞானாம்பாள் ஸ்வீட் டப்பாவை வாங்கிக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். சும்மாதான்" என்றாள்.

ஜெயராணிக்குத்தான் மறைக்கத் தெரியவில்லை. "ஞாயித்துக்கிழமதான் டீச்சர் அவருக்கு லீவு. கூட தங்கியிருக்கிறவரு லேப்டாப்ப அஞ்சு மணிக்கு அரை மணி நேரம் குடுப்பாரு. அப்பதான் பாப்பாவப் பாப்பாரு. அவரு போனப்புறம் பொறந்தவ இவ. இன்னிக்கி வர முடியாதுன்னு போன்ல சொல்லிட்டோம். ஆனாலும், ஒருவேள உங்க கிளாஸ் சீக்கிரம் முடிஞ்சுட்டா போட்டுப் பாக்கலாமேன்னு உக்கார வச்சோம்."

"ஏம்மா, அன்னிக்கே இத ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்கன்னா? மூணு பேரு பொழப்பு கெட்டுப் போயிடும். எங்களுக்கு அடுத்த வாரம் இருக்குதே" என்றாள் ஞானாம்பாள், சாதாரணமாக.

அடுத்த வாரம். அடுத்த வாரம் அதே ஐந்து மணியைத்தான் வாராவாரம் என்று நாச்சம்மை கேட்டிருந்தார், மலர்க்கொடியும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பெண்ணை, பிரிந்து போகிற ஒயரைப் பார்த்துவிட்டு, மனசுக்குள் என்னென்ன திட்டித் தீர்த்தாள்! கையில் மீதி இருந்த ஸ்வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கே நாச்சம்மைக்கு எழுதினாள். மற்ற எல்லா நாளும் எந்த நேரம் சொன்னாலும் சரி, ஞாயிறு ஐந்து மணி மட்டும் முடியாது, ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று. மாலதி பதறிப்போனாள். "அக்கா, கைக்கு வந்தத நாமளே தட்டி வுடுறோமா?" என்றாள். நாச்சம்மையிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை. திட்டக்குடிக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட மலர்க்கொடி ஒரு தடவை யோசித்தாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரவு எட்டரைக்கு மேல்தான் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள், ஆறு மணியே வசதி என்று.

அடுத்த ஞாயிறு நாலரைக்கு மலர்க்கொடி தன் மூன்று கம்ப்யூட்டரையும் அணைத்தாள். ராமாமிர்தத்திடமும் லோகநாயகியிடமும் போய் அந்த ஒரு மணி நேரத்தை மறுபடி கேட்டாள். "மறுபடி கிளாஸா?" என்றார் ராமாமிர்தம். "இல்ல மாமா, இன்னிக்கு எழிலனுக்கு" என்றாள். அவர் எழுந்து, பாதிப் பாட்டில் ஸ்விட்சை அணைத்தார்.

மலர்க்கொடி ஞானாம்பாள் வீட்டுக்குப் போய், "இன்னிக்கு லைன் முழுசும் உங்களுக்குத்தான், போடும்மா" என்றாள். ஜெயராணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு எழிலன் வந்தான். சுவரில் ஈரத்துணி தொங்குகிற அறை, வெயிலில் கறுத்த முகம். பேச வந்தவன் பேசாமல் திரையை உற்றுப் பார்த்தான்.

"அறுந்துபோச்சா?" என்று பதறினாள் ஜெயராணி.

"இல்ல... அறுவல." அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான். "ஜெயா, பாப்பாவுக்குக் காதுல மச்சம் இருக்குதா?"

"பொறந்ததுலேருந்து இருக்குதே. உங்க அப்பாவுக்கு இருந்த அதே எடத்துல."

"எனக்குத் தெரியவே தெரியாது. இத்தினி நாளா கட்டம் கட்டமாதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான் எழிலன். "இன்னிக்குத்தான் எம் பொண்ணு மூஞ்சி எனக்குத் தெரியுது."

ஞானாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாலு வீடு பிரித்துக்கொண்டதில் தன் பாடம் மட்டும்தான் கெட்டது என்று மலர்க்கொடி இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. அதை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று மாடிக்கு ஏறிப் போய், ஆறு மணி ஆகிற வரைக்கும் ஒயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.